சொட்டுவதும் ஒழுகுவதும்

எங்கள் அலுவலகத்தில் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அடைப்புக்குறி அக்கா என்றால்தான் வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்கே தெரியும். அந்தப் பட்டத்தைக் கட்டியவன் நான்தான். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தன் மேஜையில் இருந்த டீக் கோப்பையில் மார்க்கர் பேனாவால் இரண்டு அடைப்புக்குறி போட்டுவிட்டு, "இனிமே யாரும் என் கப்பைத் தூக்கிட்டுப் போக முடியாது" என்றாள்.

அவள் வேலை அப்படி. வெளிநாட்டுத் தொடர்களும் படங்களும் எங்களிடம் வரும். வசனத்தைத் தமிழாக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வசனம் இல்லாத சத்தங்கள் மட்டும் அக்காவின் பொறுப்பு. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் அடைப்புக்குறிக்குள் வருமே, (கதவு தட்டப்படுகிறது), (தூரத்தில் நாய் குரைக்கிறது), (மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்) என்று, அதெல்லாம் அவள் கைவேலை. பக்கத்து அறையில் நான் ஒலியைச் சுத்தம் செய்கிறவன். நடுவில் ஒரு கண்ணாடி. படத்தில் யாராவது பேச ஆரம்பித்தால் எங்கள் இருவருக்கும் ஓய்வு. பேச்சை நிறுத்தினால்தான் வேலை.

அவளுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச். நாற்காலியின் ஒரு கை உடைந்து, டேப் சுற்றியிருக்கும். ஹெட்போனின் தோல் உரிந்து பொடிப்பொடியாகக் காதில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கிளம்பும்போது கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டே போவாள். புது ஹெட்போன் கேட்டு அவளும் நானும் மேனேஜரிடம் நடையாய் நடந்ததுதான் மிச்சம். அந்த ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போதே ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

படத்தோடு கூடவே ஆங்கிலத்தில் ஒரு சத்தப் பட்டியல் வரும். அதை வைத்துக்கொண்டுதான் அக்கா எழுதுவாள். கதவும் நாயும் சுலபம். அவளைத் திணறடித்தது தண்ணீர். ஒருநாள் கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு, ஒரு இடத்துல டிரிப்னு போட்டிருக்கான், இன்னொரு இடத்துல டிரிக்கிள்னு போட்டிருக்கான். அகராதிய பிரிச்சா ரெண்டுக்கும் ஒரே பட்டியல். சொட்டு, கசி, வடி, ஒழுகு. அகராதி எழுதினவருக்கு அன்னைக்கு ஏதோ அவசரம் போல."

"எல்லாம் குழாய்த் தண்ணிதானக்கா. ஏதாவது ஒண்ணப் போட்டுட்டு வாங்க, டீ ஆறுது."

"ரெண்டையும் கேட்டுப் பாரு" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள்.

கேட்டேன். முதலாவதில் ஒரு துளி விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொரு துளி. இரண்டாவதில் மெல்லிய சத்தம் ஒன்று விட்டுப்போகாமல் போய்க்கொண்டே இருந்தது.

"டிரிப்னா நடுவுல இடைவெளி இருக்கு" என்றாள் அக்கா. "ஒரு சொட்டு விழுந்ததும் அடுத்தது வருமா வராதான்னு காது காத்துக்கிட்டே கிடக்கும். டிரிக்கிள் நூல் மாதிரி எறங்கும், அறுபடாது. கொஞ்ச நேரத்துல காது அதை மறந்துடும்."

"குழாய்க்குள்ள இவ்வளவு தத்துவமா?"

"தத்துவம் இல்லப்பா, வாஷர். வாஷர் தேஞ்சா சொட்டும், அதுக்கு ஆள் வேண்டாம். நூலா எறங்குதுன்னா யாரோ ஒருத்தர் திறந்துட்டு சரியா மூடாம போயிருக்காங்க."

அன்றைக்கு அவள் முடிவு செய்தாள்: டிரிப் என்றால் 'சொட்டுகிறது', டிரிக்கிள் என்றால் 'நூலாக ஒழுகுகிறது'. வெறும் ஒழுகுகிறது போட்டால் கூரை ஞாபகம் வரும், வடிகிறது என்றால் கண்ணீர், கசிகிறது என்றால் காயம் என்று அவளே கேள்வி கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். டீ ஆறியே போயிற்று. சம்பளத்தில் இதற்கெல்லாம் ஒரு காசுகூட ஏறாது என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் இப்படி மாய்ந்து மாய்ந்து எழுதுகிறாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய வீட்டுக்காரருக்குக் காது கேட்காது.

பிறவியிலேயே அப்படி இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. முதலில் வாசல் மணி கேட்கவில்லை. மணியில்தான் கோளாறு என்று அவரே புது மணி வாங்கி மாட்டினார். அதுவும் கேட்கவில்லை என்றதும் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டார். "அந்த மணி அடிச்சா எதிர் வீட்டுக் குழந்தை தூக்கத்துலருந்து எந்திரிக்கும்ப்பா. இவர் அதுக்கு அடியிலயே நின்னுக்கிட்டு 'வேலை செய்யலையே'ங்கிறார்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

காதில் மாட்டும் கருவி வாங்கிப் பார்த்தார்கள். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருக்கிறது என்று கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டவர், அதை மறுபடி எடுக்கவில்லை. அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். பேச்சை நிறுத்தியது ஒரு கடையில் நடந்த விஷயத்துக்குப் பிறகு. பல்ப் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தது. பல்பை வாங்காமலே வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வெளியிலும் சரி, வீட்டிலும் சரி.

பிள்ளைகள் இல்லாத வீடு. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போனில் செய்தி அனுப்புவார். 'டீ.' 'மாத்திரை தீர்ந்தது.' 'ஃபேன் சத்தம் போடுகிறதா பார், ஆடுகிறது.' அவளும் போனிலேயே பதில் அனுப்புவாள்.

"செத்துப்போன புருஷனை நெனச்சு அழலாம், நாலு பேரு வந்து ஆறுதல் சொல்லுவாங்க" என்றாள் ஒருநாள். "எதிர்ல உக்காந்திருக்கிறவரை நெனச்சு எப்படிப்பா அழறது?"

 நான் வேலை இருப்பதுபோல ஒரு வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

அவர்களுக்குள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. சாயங்காலமானால் அவர் சோபாவில் உட்கார்ந்து தொடர் பார்ப்பார். பெரும்பாலும் எங்கள் அலுவலகத்திலிருந்து போனவை. அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பாள். தான் எழுதிய ஒரு வரி திரையில் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். அப்போது அவர் புருவம் அசைகிறதா என்று பார்ப்பாள். (மாடிப்படியில் காலடி, ஒரு கால் இழுபடுகிறது) என்ற வரிக்கு அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாராம். இன்னொரு தடவை, ஏதோ ஒரு காற்றுக்கு அவள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். மறுநாள் அலுவலகத்துக்கு எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. கல்யாண நாள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தத் தொடர் வந்தது. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண். கீழே சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாப் பகுதியிலும் சொட்டும். அவள் சாப்பிடும்போது சொட்டும், படுக்கும்போது சொட்டும். எங்கள் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் சத்தத்தை ஒவ்வொரு முறையும் அடிக்க மாட்டார்கள்; கீபோர்டில் ஒரு விசையில் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். அக்காவும் ஏற்றி வைத்திருந்தாள். ஒரே தட்டு, (குழாய் சொட்டுகிறது) என்று வந்து உட்கார்ந்துவிடும்.

கடைசிக்கு முந்தைய பகுதி வந்த அன்று மேனேஜர் கதவருகில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா குழாய்ச் சத்தம் வந்த இடமெல்லாம் விசையைத் தட்டி அனுப்பிவிட்டாள். அதில் ஒரு இடத்தில் பட்டியல் டிரிக்கிள் என்று சொல்லியிருந்தது.

அந்த இடம் இதுதான். அந்தப் பெண் மாடியில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். கீழே சொட்டு விழுகிறது, விழுகிறது. திடீரென்று இடைவெளி நின்றுபோய், தண்ணீர் நூலாக ஒழுகும் சத்தம் ஆரம்பிக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் தலையைத் தூக்குகிறாள், எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் இருக்கும் தடியை எடுக்கிறாள். ஒலியைச் சுத்தம் செய்த எனக்கே அந்த இடத்தில் முதுகு சில்லிட்டது.

அந்தப் பகுதி வெளியான சாயங்காலம் அக்கா வழக்கம்போலத் தன் நாற்காலியில் இருந்தாள். டிவியில் தனக்காகச் சத்தத்தைக் கொஞ்சமாக வைத்திருப்பாள். தண்ணீர் மாறிய நொடியில் அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை. திரையில் (குழாய் சொட்டுகிறது) என்று இருந்தது, தினமும் இருப்பதுபோல. அந்தப் பெண் தடியை எடுத்ததும்தான் அவர் புருவம் சுருங்கியது. பின்னால் ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். பிறகு போனை எடுத்து அவளுக்கு அனுப்பினார்: 'அவ ஏன் தடியை எடுக்கிறா?'

மழுப்பியிருக்கலாம். அவள் மழுப்பவில்லை. 'யாரோ குழாயைத் திறந்துட்டாங்க. தண்ணி சத்தம் மாறிடுச்சு. நான் தப்பா எழுதிட்டேன்.'

அவர் அதைப் படித்தார். திருப்பி அனுப்பினார்: 'இன்னும் எதையெல்லாம் எனக்குச் சொல்லாம விட்டிருக்க?'

அவள் பதில் அடிப்பதற்குள் டிவியை அணைத்துவிட்டார். மறுநாள் சோபாவில் உட்காரவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். அதற்கு மறுநாளும் அப்படியே.

அக்கா இரண்டு நாளில் ஆளே இளைத்துவிட்டாள். அவருக்கு உலகத்தைச் சொல்ல அவளிடம் இருந்த ஒரே வழி அது. அதில் ஒரு பொய் நுழைந்துவிட்டது. இனி அவர் எந்த வரியை நம்புவார்?

மேனேஜரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அந்தப் பகுதியைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும் என்றாள்.

"மேடம், தண்ணி தண்ணிதானே. போனது போனதுதான். யாரு கேக்கப்போறாங்க?"

"கேக்க முடியாதவங்களுக்குத்தான் சார் எழுதறோம்."

"புகார் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"எங்கேருந்து?"

"என் வீட்லருந்து."

அந்த ஆள் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேஜைமேல் கனமான பொருள் எதுவும் இல்லாதது அவர் செய்த புண்ணியம். அன்றைக்கு எல்லோரும் போனபிறகு அந்தப் பகுதியைத் திறந்து, அக்கா சொல்லச் சொல்ல நானே திருத்தி, ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அலுவலக விதிப்படி அது தப்பு. தப்பாகவே இருக்கட்டும்.

ஆனால் அவர் பார்க்க மறுத்துவிட்டார். பென் டிரைவை டிவியில் செருகிவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டார்.

இனி நான் சொல்வது அக்கா திங்கட்கிழமை டீ நேரத்தில் என்னிடம் சொன்னது. கண்கள் வீங்கியிருந்தன. டீயைத் தொடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, ஈரக் கையோடு போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துவந்திருக்கிறாள். அவர் சின்னப் பிள்ளைபோல முரண்டு பிடித்தார். இவளும் விடவில்லை. அவருடைய உள்ளங்கையைத் தொட்டிக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு குழாயைத் துளியளவு திருகினாள். அவர் இருக்கும் வீட்டில் வாஷர் தேயவே விடமாட்டார். அதனால் சொட்ட வைக்கச் சிரமமாக இருந்ததாம். கொஞ்சம் கூடினால் ஓடியது, கொஞ்சம் குறைந்தால் நின்றது.

கடைசியில் ஒரு சொட்டு அவர் கையில் விழுந்தது. அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இருவரும் காத்திருந்தார்கள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தவர், அடுத்த சொட்டு விழுந்ததும் இழுக்கவில்லை. அவள் மறுபடி விரலைத் தூக்கினாள். அப்படியே கொஞ்ச நேரம். பிறகு குழாயை இன்னும் ஒரு முடியளவு திருகினாள். சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூலாகி அவர் கையில் இறங்கின. இந்த முறை அவள் விரலை மடக்கவே இல்லை.

அவர் தண்ணீரையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார், இன்னொரு தடவை என்று. அவள் சொட்ட விட்டாள். எப்போது மாற்றப்போகிறாள் என்று சொல்லாமல் சட்டென்று நூலாக விட்டாள்.

"மாறிடுச்சு" என்றார்.

அவள் கை குழாயிலேயே நின்றுவிட்டது. துருப்பிடித்த குரல், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"இதுக்குத்தான் அவ தலையைத் தூக்கினாளா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொள்ளவும் இல்லை, தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.

"நம்ம வீட்ல என்ன சத்தம் கேக்குது?" என்று கேட்டார். "ஊருக்கெல்லாம் எழுதறியே, எனக்குச் சொல்லு."

அவள் பரபரவென்று போனை எடுத்தாள். ஃபிரிட்ஜ் ஓடுது என்று அடித்தாள். மேல் வீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள், தெருவில் ஒரு பைக் கிளம்பாமல் அடம்பிடிக்கிறது, ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினாள். அவர் படித்துப் படித்துத் தலையாட்டினார்.

"அதெல்லாம் அவங்கவங்க சத்தம். நம்ம சத்தம்?"

அவள் குழாயை இறுக மூடிவிட்டுக் கேட்டுப் பார்த்தாள். கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவள். நாயின் மூச்சைக்கூட வேறு பிரித்து எழுதியவள். தன் வீட்டுக்குள் நின்று, தங்கள் இருவரின் சத்தம் எங்கே என்று தேடினாள். அவர் பேசுவதில்லை. அவர் கேட்கப்போவதில்லை என்பதால் அவளும் பேசுவதில்லை. பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கவும், கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும், மூக்கை உறிஞ்சாமல் அழவும் எப்போது பழகினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

'ஒண்ணுமில்ல' என்று அடித்துக் காட்டினாள்.

அந்த ஒரு வார்த்தையை அவர் ரொம்ப நேரம் படித்தார்.

"எனக்குக் காது போச்சு" என்றார். "உனக்கு என்ன ஆச்சு?"

அவள் மறுபடி போனில் ஏதோ அடிக்கப் போனாள். அவர் போனைப் பிடுங்கி மேடைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நீ டிவியப் பாக்காம என் மூஞ்சியையே பாக்கறது எனக்குத் தெரியும். நானும் உன் உதட்டையேதான் பாத்துக்கிட்டிருக்கேன், எத்தனையோ நாளா. ஏதாவது சொல்லுவியான்னு. அது அசையவே மாட்டேங்குது."

அக்கா வாயைத் திறந்தாள். "ஏங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.